மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன் என்றால் கிரீன் கார்டு எப்படி வருகிறது?

"மாப்பிள்ளை எச்-1பி-யா, கிரீன் கார்டா, சிட்டிசனா?" அமெரிக்க வரன் என்றால் ஜாதகம் பார்த்த கையோடு கேட்கப்படும் கேள்வி இது. எச்-1பி என்பது தற்காலிக வேலை விசா, கிரீன் கார்டு அங்கே நிரந்தரமாக வாழ அனுமதிக்கும் அட்டை, சிட்டிசன் என்றால் அமெரிக்கக் குடிமகன். நல்ல கேள்விதான். பொண்ணு எப்போது போய்ச் சேருவாள், போனதும் வேலைக்குப் போகலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆனால் 'சிட்டிசன்' என்று சொன்னவுடன் பல வீடுகளில் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. தாலி கட்டினால் கார்டு தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. அந்தத் திருமணத்தால் கிடைக்கும் பெரிய சலுகை, வரிசையில் நிற்க வேண்டாம் என்பதுதான். மீதி எல்லாவற்றையும் நீங்கள்தான் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும்.

முதலில் அந்த வரிசை. அமெரிக்கா ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் பெரும்பாலான வகைகளுக்கு உச்சவரம்பு உண்டு. அதற்குள் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொரு வரம்பு. எச்-1பி-யில் இருக்கும் நம் ஆட்கள் நல்ல வேலை, நல்ல சம்பளம் எல்லாம் இருந்தும் பத்தாண்டுகளுக்கு மேல் காத்துக் கிடப்பது இதனால்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கும் கணவருக்கும்கூட ஆண்டு வரம்பு இருக்கிறது. சிட்டிசனின் துணைக்கு மட்டும் இல்லை. சட்டத்தில் அவர் 'நேரடி உறவினர்'. சிட்டிசனின் 21 வயதுக்குக் கீழான திருமணமாகாத பிள்ளைகளும், சிட்டிசனுக்கு 21 வயது ஆகியிருந்தால் அவருடைய பெற்றோரும் இதே வகை. எத்தனை பேர் விண்ணப்பித்தாலும், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. காத்திருக்கும் காலம் முழுக்க அலுவலகங்களின் வேகத்தைப் பொறுத்தது.

பொண்ணு சிட்டிசனாக இருந்து மாப்பிள்ளை ஊரிலிருந்து போனாலும் இதே விதிகள்தான். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் இவையே.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனு போடுபவர் சிட்டிசன். ஐ-130 என்ற படிவத்தில் 'இவர் என் மனைவி, இவரை வரவழைக்க விரும்புகிறேன்' என்று அரசிடம் கேட்பது அவர்தான். துணை நிரந்தரவாசி ஆகும்வரை மனுவைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. இதிலிருந்து வரும் சிக்கல்களைப் பிறகு பார்ப்போம்.

திருமணம் செல்லுமா?

அதிகாரி பார்க்கும் முதல் விஷயம் உங்கள் அன்பு அல்ல, சட்டம். திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி அது செல்லுபடியானதா? தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆயிரம் பேர் வந்து வாழ்த்திய மண்டபக் கல்யாணமானாலும் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் இல்லாவிட்டால் கோப்பு நகராது. சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவர் 'இது சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்று கையெழுத்திட்ட உறுதியையும் இணைக்க வேண்டும்.

முந்தைய திருமணம் இருந்தால் அது முறைப்படி முடிந்திருக்க வேண்டும், இருவருக்குமே. இங்கே நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது: பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் 'விடுதலைப் பத்திரம்' எழுதி வாங்கிக்கொள்வது. சாதி வழக்கப்படியான மணவிலக்கை இந்துத் திருமணச் சட்டம் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில். நீதிமன்றத் தீர்ப்பு நகல் கையில் இல்லாமல் இரண்டாம் திருமணத்தை வைத்து மனு போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

காணொளிக் கல்யாணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கன்னியாகுமரி மாவட்டப் பெண் ஒருவர், அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளையைக் காணொளி வழியே சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுமதித்தது. செய்தி பரவலாக வந்தது. இந்தியாவில் அது திருமணம். அமெரிக்கக் குடிவரவுச் சட்டமோ, மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதற்குப் பிறகு இருவரும் தாம்பத்தியமாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் ஏற்கும். ஆக, கணினித் திரை முன் மோதிரம் மாற்றிய மறுநாளே மனு போடமுடியாது. சடங்குக்குப் பிறகு இருவரும் சந்தித்ததற்கான பாஸ்போர்ட் முத்திரை, விமானச் சீட்டு எல்லாம் தேவைப்படும்.

நம்மவர்கள் யோசிக்கவே யோசிக்காத ஒன்று முறைப்பெண், முறைமாப்பிள்ளை திருமணம். நமக்கு அது உரிமை. அமெரிக்க மாநிலங்களில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம். மாமன் மகளை, அத்தை மகனை மணப்பது கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் செல்லும். டெக்சாஸில் செல்லாது, அங்கே 2005-ல் தடை செய்தார்கள். பொதுவாக, திருமணம் நடந்த ஊரில் செல்லும் என்றால் குடிவரவுத் துறையும் ஏற்கும். ஆனால் தம்பதி வாழப்போகும் மாநிலத்தின் பொதுக் கொள்கைக்கு அது கடுமையாக எதிரானது என்றால் மறுக்கலாம். தாய்மாமன், அக்காள் மகள் உறவில் திருமணம் என்றால் நிலைமை இன்னும் மோசம், கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும் அது தடைசெய்யப்பட்ட உறவு. படிவத்தைத் தொடுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்லும் இடங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

திருமணம் நிஜமா?

கார்டுக்காகச் செய்த திருமணமா, வாழ்வதற்காகச் செய்ததா என்பது அடுத்த கேள்வி. 1986-ல் போலித் திருமணங்களைத் தடுக்கத் தனியாக ஒரு திருத்தச் சட்டமே வந்தது. தெரிந்தே போலித் திருமணம் செய்தால் 5 ஆண்டுவரை சிறை, 2,50,000 டாலர்வரை அபராதம். அதைவிடப் பெரிய தண்டனை வேறொன்று: ஒருமுறை போலி என்று தீர்மானித்துவிட்டால், பிற்காலத்தில் நிஜமாகவே வேறொரு சிட்டிசனை மணந்தாலும், நல்ல நிறுவனம் ஒன்று உங்களுக்காக மனு போட்டாலும், அந்த மனுவை ஏற்க முடியாது. ஆயுளுக்கும். 'பேப்பர் மேரேஜ் பண்ணிக்கலாம், ரெண்டு வருஷத்துல பிரிஞ்சிடலாம்' என்று யோசனை சொல்லும் அண்ணன்மார்கள் இந்தப் பகுதியை மட்டும் சொல்வதில்லை.

நிஜமான தம்பதிகளுக்கு வரும் பயம் வேறு: "எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். மூன்று வார லீவில் வந்தார், பொண்ணு பார்த்தார், நிச்சயம், கல்யாணம், திரும்பிப் போய்விட்டார். காதல் கடிதம் கிடையாது, சேர்ந்து சுற்றிய போட்டோ கிடையாது. நம்புவார்களா?" நம்புவார்கள். இந்தியர்களின் மனுக்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு ஏற்பாட்டுத் திருமணம் புதிதல்ல. திருமணத்துக்கு முன்பு கதை இல்லாதது குறையே இல்லை. பின்பு கதை இல்லாததுதான் குறை. தாலி கட்டிய பிறகு எத்தனை முறை வந்து பார்த்தார், தினமும் பேசுகிறீர்களா, பணம் அனுப்பியிருக்கிறாரா, அவருடைய காப்பீட்டில் உங்கள் பெயர் ஏறியதா, அலுவலகத்தில் மனைவி என்று பதிவு செய்தாரா என்பதில்தான் அவர்கள் கண் இருக்கும்.

ஆகவே ஆதாரம் சேர்க்கும்போது மேடையில் வரிசையாக நின்று எடுத்த முந்நூறு போட்டோக்களை அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றிலும் மணமக்கள் அதே இடத்தில் அதே புன்னகையுடன் நிற்பார்கள், பக்கத்தில் ஆள் மட்டும் மாறுவார். பத்துப் பதினைந்து போதும்: நிச்சயதார்த்தத்தில் இரண்டு, முகூர்த்தத்தில் இரண்டு, இரு வீட்டுப் பெற்றோரும் சேர்ந்து நிற்பதில் ஒன்று, மறுவீட்டில், ஊருக்குப் போன இடத்தில், அடுத்த வருடம் அவர் வந்தபோது. ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று ஒரு வரி. அழைப்பிதழை மறக்காதீர்கள், இரு குடும்பப் பெயர்களும் தேதியும் அச்சில் இருக்கும் ஆவணம் அது. அமெரிக்காவில் சேர்ந்தே வாழ்பவர்களுக்குப் போட்டோவைவிட வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி ஆகியவற்றுக்கே எடை அதிகம். கூட்டுக் கணக்கு என்றால் பணம் உள்ளே வந்து வெளியே போகும் கணக்கு. நேர்காணலுக்கு முந்தின மாதம் திறந்து நூறு டாலர் போட்டு வைத்த கணக்கு எதையும் காட்டாது.

நேர்காணலை ஆளாளுக்குப் பூதாகரமாக்கிச் சொல்வார்கள். எப்படி அறிமுகம், யார் முதலில் பேசியது, கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் வந்தார்கள், அவர் எங்கே வேலை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதுதான் சாதாரணமாக வரும் கேள்விகள். சந்தேகம் வந்தால், அமெரிக்காவுக்குள் நடக்கும் நேர்காணலில், இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டுப் பதில்களை ஒப்பிடுவார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதெல்லாம் அப்போது வருவது. மனப்பாடம் செய்யாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எந்தத் தம்பதிக்கும் இயல்புதான். மாமியார் பிறந்த தேதியைக் கேட்டால் தடுமாறாத மருமகன் எத்தனை பேர்?

பெயர், பணம், பாதை

தமிழர்களுக்கே உரிய தலைவலி பெயர். இன்ஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து, பள்ளிச் சான்றிதழில் இல்லாமலே. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அதோடு அங்கே போய் வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அல்லாடுபவர்கள் ஏராளம். மனு போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். திருமணச் சான்றிதழும் அதே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும்.

அடுத்து பணம். ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியை சிட்டிசன் கையெழுத்திட வேண்டும். அவருடைய வருமானம் அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். வீட்டில் இருவர் மட்டும் என்றால் 2025 கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 26,400 டாலர். படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையால் முடியாவிட்டால், அங்கே வசிக்கும் வேறொரு சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ இணைந்து பொறுப்பேற்கலாம். கையெழுத்துப் போடுபவர்கள் கவனிக்க: இது அரசோடு செய்யும் ஒப்பந்தம். விவாகரத்து ஆனாலும் முடியாது. வந்தவர் குடியுரிமை பெற வேண்டும், அல்லது சமூகப் பாதுகாப்பு என்ற அமெரிக்க ஓய்வூதியத் திட்டக் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேர வேண்டும் (ஏறக்குறைய 10 ஆண்டு), அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போக வேண்டும், அல்லது இறக்க வேண்டும். 'ஒரு ஃபார்மாலிட்டிதான் சித்தப்பா, கையெழுத்துப் போடுங்க' என்று யாராவது நீட்டினால் அந்தச் சித்தப்பா முழுக்கப் படித்துவிட்டுப் போடட்டும்.

பாதை இரண்டு. துணை இந்தியாவில் இருந்தால், ஐ-130 ஏற்கப்பட்ட பிறகு கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகும். கட்டணம், ஆவணப் பதிவேற்றம், காவல்துறைச் சான்று, குறிப்பிட்ட மருத்துவமனையில் பரிசோதனை, கடைசியில் நேர்காணல். சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் தூதரகத்தைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையில். எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாவோடு போய் இறங்கும் நிமிடத்திலிருந்து நீங்கள் நிரந்தரவாசி. கார்டு பிறகு தபாலில் வரும். அதுவரை பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையே கார்டு, அன்றே வேலைக்குச் சேரலாம்.

துணை ஏற்கெனவே அமெரிக்காவில் மாணவராகவோ எச்-1பி-யிலோ இருந்தால், ஐ-130-ஐயும் அங்கிருந்தபடியே நிரந்தரவாசியாக மாறுவதற்கான ஐ-485 என்ற நிலைமாற்ற விண்ணப்பத்தையும் ஒன்றாகவே அனுப்பலாம். முறையாக நுழைந்தவர் என்றால், விசாக் காலம் தாண்டித் தங்கியிருந்தாலும் சிட்டிசனின் துணைக்கு இந்தப் பாதையில் அது மன்னிக்கப்படுகிறது. ஆனால் 180 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை, ஒரு வருடம் ஆகியிருந்தால் 10 ஆண்டுத் தடை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் பயண அனுமதி வாங்காமல் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். செல்லுபடியான எச்-1, எல்-1 (நிறுவனம் இடமாற்றி அனுப்பும் வேலை விசா) போன்ற சில விசாக்காரர்களுக்கு விலக்கு. சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடும் திட்டத்தோடு கிளம்புவதோ விமான நிலையத்தில் சொல்லும் பொய்யில்தான் முடியும். பொய் சொல்லி நுழைந்தது நிரூபணமானால் நிரந்தரத் தடை.

2024 ஏப்ரலிலிருந்து ஐ-130-க்குக் காகிதத்தில் 675 டாலர், இணையத்தில் 625, ஐ-485-க்கு 1,440. இவை மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பும் அன்று குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் கட்டணத்தையும் படிவத்தின் பதிப்புத் தேதியையும் பாருங்கள். பழைய பதிப்பில் நிரப்பினால் அப்படியே திரும்பி வரும்.

இரண்டு வருடக் கார்டு

நிரந்தரவாசியாகும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால் கிடைப்பது நிபந்தனைக் கார்டு, 2 ஆண்டுக்கு மட்டும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மறந்தால் நிரந்தரவாசி நிலையே போய்விடும். நேர்காணலுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறிப்பதில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். ஒரு நுணுக்கம்: விசா கைக்கு வரும்போது இரண்டாவது திருமண நாள் சில வாரங்களில் வருகிறது என்றால், அந்த நாள் கழிந்தபின் விமானம் ஏறுங்கள். நேராகப் பத்து வருடக் கார்டு. ஐ-751 தேவையே இல்லை.

'இருவரும் சேர்ந்து' என்ற அந்தச் சொல்லில்தான் துணையின் பிடி இருக்கிறது. "நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டப்படும் பெண்கள் இருக்கிறார்கள். மிரட்டலில் உண்மை பாதிகூட இல்லை. திருமணம் நிஜமாகச் செய்யப்பட்டது என்று காட்டினால், விவாகரத்து ஆனபின் தனியாகவே ஐ-751 போடலாம். கொடுமைக்கு ஆளானவர் விவாகரத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கார்டே வராத நிலையில் கொடுமை நடந்தால், 1994-ல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் கீழ் தானே மனு போடலாம். துணைக்குத் தகவல் போகாது, ஆண்களுக்கும் பொருந்தும். சிட்டிசன் இறந்துவிட்டால், 2 ஆண்டுக்குள் துணை தன் பெயரிலேயே மனு செய்யலாம். பொண்ணை அனுப்பும் பெற்றோர் இந்தப் பத்தியை அவளிடம் காட்டிவிட்டு அனுப்பலாம். சான்றிதழ்களின் நகல்களையும் அவளுடைய சொந்த மின்னஞ்சலிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சிட்டிசனுக்கு இவ்வளவு சலுகை எப்போதும் இருந்ததில்லை. 1907 சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். 1922-ல் அதை மாற்றியபோதும், குடியுரிமைக்குத் 'தகுதியற்றவர்' என்று வைத்திருந்த ஆசியர்களை மணந்தவர்களுக்கு 1931 வரை அந்தத் தண்டனை நீடித்தது. இந்தியர்களும் அந்தப் பட்டியலில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1923-ல் சொன்னது. இன்றும் இது உரிமை அல்ல. 2024 ஜூனில் முனோஸ் வழக்கில் அதே நீதிமன்றம், வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்கும் அடிப்படை உரிமை சிட்டிசனுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. தூதரகம் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போவது எளிதல்ல என்று இதற்குப் பொருள். முதல் தடவையே கோப்பைச் சரியாகக் கொடுங்கள்.

கார்டு வந்தபிறகு, சிட்டிசன் துணையோடு சேர்ந்து வாழ்ந்தால் குடியுரிமைக்கு 3 ஆண்டில் தகுதி வரும். மற்ற நிரந்தரவாசிகளுக்கு 5 ஆண்டு. அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பே விண்ணப்பத்தை அனுப்பலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால், அமெரிக்கப் பிரமாணம் எடுத்தபின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.